தராசுக்கு எட்டில் ஒன்று

கற்பிட்டிக் கரையில் மூன்று பேர் கூட்டாகத் தொழிலுக்குப் போய் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் போட்ட முதல் சமமில்லை. கொண்டு வந்தது எட்டு அறுக்குளா. விற்றுக் காசாக்கினால் கவலையில்லை, போட்ட முதலுக்கு ஏற்பச் சதக் கணக்கு வரை பிரித்துவிடலாம். ஆனால் அன்றைக்கு வியாபாரி வரவில்லை. மீனாகவே பிரிக்க வேண்டும், ஒரு மீனையும் வெட்டக்கூடாது. கணக்குப் பார்த்தால் முதலாமவருக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைகிறது. இரண்டாமவருக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைகிறது. மூன்றாமவருக்கு ஒன்றேகால்.

அந்தக் கால் மீனை என்ன செய்வது?

சின்னப் பிள்ளைக் கணக்குப் போலத் தெரிகிற இந்தக் கேள்விக்கு, பிரதிநிதித்துவ சனநாயகம் நடக்கிற நாடுகள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன. எந்தக் கட்சி வாழும், எது சாகும், எந்தச் சமூகத்தின் குரல் பாராளுமன்றத்தில் கேட்கும், எது கேட்காது என்பதில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. நான் சொன்ன மூன்று பங்குகளும் கற்பனையில்லை. 2020 பொதுத் தேர்தலில் புத்தளம் மாவட்டத்தில் மூன்று கட்சிகளுக்கு விழுந்த வாக்குகளின் விகிதம் அது. மாவட்டத்துக்குப் பாராளுமன்ற ஆசனங்கள் எட்டு. மூன்றாவது பங்காளிதான் தராசுச் சின்னத்தில் வந்த முஸ்லிம் தேசியக் கூட்டணி.

அந்தத் தேர்தல் 2020 ஓகஸ்ட் 5 இல் நடந்தது. கொரோனாக் காலம். வாக்களிக்க வருகிறவர்கள் பேனையைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். முகக்கவசமும் சட்டைப்பையில் பேனையுமாக மக்கள் வரிசையில் நின்றார்கள். மறுநாள் வாக்குகளை எண்ணியபோது பொதுஜன பெரமுனவுக்கு 220,566, ஐக்கிய மக்கள் சக்திக்கு 80,183, தராசுக்கு 55,981. தராசுக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. சுமார் மூன்று தசாப்தங்களுக்குப் பிறகு புத்தளம் மாவட்டத்து வாக்காளர்கள் நேரடியாகத் தெரிவுசெய்த ஒரு முஸ்லிம் பாராளுமன்றம் போனார்.

இடையில் தேசியப் பட்டியல் வழியாகப் போனவர்கள் உண்டு. அது கட்சித் தலைமை கொடுக்கிற ஆசனம், வாக்காளர் புள்ளடியிட்டுக் கொடுப்பதில்லை. மாவட்டத்தின் சனத்தொகையில் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எட்டு ஆசனத்தில் ஐந்தில் ஒரு பங்கென்றால் ஒன்றரைக்கு மேல். அப்படியிருக்க இத்தனை தேர்தல்களில் பூச்சியம் எப்படி வந்தது? யாரோ சதி செய்துவிட்டார்கள் என்று தேநீர்க்கடையில் சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கென்னவோ சதியைவிடக் கணக்குதான் சுவாரசியமாகப் படுகிறது.

*

முதலில் பழைய கதை. இதே புத்தளம் ஒரு காலத்தில் முஸ்லிம் உறுப்பினரை அனுப்புவதை ஓர் அதிசயமாகவே நினைத்ததில்லை. புத்தளம் தொகுதி உறுப்பினர் எச்.எஸ். இஸ்மாயில் 1956 இல் சபாநாயகரானார். 1977 இல் புத்தளத்தை வென்ற நைனா மரைக்கார் பின்னர் 1988 இல் நிதியமைச்சர். அந்தக் காலத்து முறை இன்றைக்கும் இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள அதே முறை. நாட்டைத் தொகுதிகளாக வெட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் கூடிய வாக்கு எடுத்தவர் வென்றவர், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

இந்த முறை சிறுபான்மைக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. சிறுபான்மை நாடெங்கும் சிதறிக் கிடந்தால் ஆகாது. ஓரிடத்தில் சேர்ந்து வாழ்ந்தால் இதைவிட வசதியான முறை கிடையாது. களப்பின் இரு பக்கமும், புத்தளம் நகரத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் முஸ்லிம்கள் செறிந்திருக்கிறார்கள். அந்தச் செறிவு தொகுதிக் கோட்டுக்குள் அகப்பட்டபோது அங்கே அவர்கள் சிறுபான்மை இல்லை, முடிவைத் தீர்மானிக்கிறவர்கள். கோட்டுக்கு வெளியே வெண்ணப்புவையில், நாத்தாண்டியில், ஆனமடுவையில் என்ன நடந்தாலும் அதைப் பற்றிக் கவலையில்லை.

ஆனால் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த முறை தலைகீழாக நடந்துகொண்டது. 1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி எடுத்த வாக்கு நூற்றுக்கு 37.9. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி எடுத்தது 36.9. கூடுதலாக எடுத்தவருக்குக் கிடைத்த ஆசனம் 17. குறைவாக எடுத்தவருக்கு 91! சுதந்திரக் கட்சி இடதுசாரிகளோடு தொகுதிகளைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றது, வாக்குகள் சரியான இடங்களில் விழுந்தன. அடுத்த 1977 தேர்தலில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பாதிக்குச் சற்றுக் கூடின வாக்கு, 168 இல் 140 ஆசனம். சுதந்திரக் கட்சிக்கு நூற்றுக்கு முப்பதளவு வாக்கு, ஆசனம் வெறும் 8. நூற்றுக்கு ஆறு ஏழு மட்டும் எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. வடக்கு கிழக்கில் செறிந்து கிடந்த வாக்கல்லவா? அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த நாற்காலியை அவருக்குக் கொடுத்ததில் கூட்டணியின் பலத்துக்குப் பங்கு உண்டு. தேர்தல் முறையின் கோணலுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கோணலின் முழு இலாபத்தையும் எடுத்த ஜே.ஆர். ஜயவர்தனாதான் அதை ஒழித்தார். 1978 அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. தொகுதிக்கு ஓர் ஆள் என்பது போய், மாவட்டத்துக்கு ஒரு பட்டியல். நாடு 22 தேர்தல் மாவட்டங்களானது. புத்தளம், ஆனமடுவ, சிலாபம், நாத்தாண்டி, வெண்ணப்புவ என்ற ஐந்து தொகுதிகளும் எண்ணும் வசதிக்கு மட்டும் பெயரளவில் இருந்தன. ஆசனம் பிரிப்பது மாவட்டம் முழுவதையும் ஒரே சட்டியில் கொட்டித்தான். அந்த முறையில் முதலாவது பொதுத் தேர்தல் நடந்தது 1989 பெப்ரவரியில்.

உப்பளம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். புத்தளத்தில் களப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகக் கட்டி வைப்பார்கள். வரம்பு இருக்கிறவரைக்கும் ஒவ்வொரு பாத்திக்கும் தனி உறைப்பு. வரம்பை உடைத்துவிட்டால் எல்லாம் ஒரே தண்ணீர். 1989 இல் தொகுதி வரம்பு உடைந்தது.

*

விகிதாசாரம் என்றால் நியாயம்தானே, நூற்றுக்கு இருபதுக்கு ஒன்றரை ஆசனம் வர வேண்டுமே என்று கேட்கலாம். விகிதாசாரம் பார்ப்பது கட்சிகளின் விகிதத்தை. சமூகங்களின் விகிதம் அதன் கண்ணுக்குத் தெரியாது.

வாக்குச்சீட்டில் வாக்காளர் முதலில் கட்சிக்குப் புள்ளடியிடுகிறார். பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குக் கொடுக்கலாம். புத்தளத்தில் எட்டு ஆசனம் என்பதால் ஒரு பட்டியலில் பதினொரு வேட்பாளர்கள், ஆசனங்களோடு மூன்று கூட்டி. கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைக் கட்சி வாக்கு தீர்மானிக்கும், அந்த ஆசனங்களில் யார் போய் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். 1978 இல் இது இல்லை. கட்சி எழுதிக் கொடுத்த வரிசைதான் வரிசை. விருப்பு வாக்கை 1988 இன் பதினான்காவது திருத்தம் கொண்டுவந்தது.

இப்போது ஒரு பெரிய கட்சியின் பட்டியலில் இரண்டு முஸ்லிம் வேட்பாளர்கள் நிற்கிறார்கள் என்று பாருங்கள். முஸ்லிம் வாக்காளர் அந்தக் கட்சிக்குப் புள்ளடியிட்டு இருவருக்கும் விருப்பும் கொடுக்கிறார். அந்தப் புள்ளடி கட்சியின் ஆசனத்தைக் கூட்டுகிறது. விருப்பு வாக்கு வரிசையிலோ சிலாபத்திலும் வெண்ணப்புவையிலும் செல்வாக்குள்ள சிங்கள வேட்பாளர்கள் மேலே போய்விடுகிறார்கள், அந்தக் கட்சிக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய ஆட்கள் என்பதால். கட்சிக்கு நாலு ஆசனம் என்றால் முஸ்லிம் வேட்பாளர் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ நிற்பார். வாக்குப் பயன்பட்டது, ஆனால் ஏணியாகப் பயன்பட்டது. எதிர்க் கட்சிப் பட்டியலிலும் இதே கதை நடக்கும், முஸ்லிம் வாக்கு இரு பக்கமும் பிரிந்து கிடப்பதால்.

விருப்பு வாக்கின் இன்னொரு விளைவையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். வேட்பாளருக்கு எதிரி எதிர்க்கட்சிக்காரன் இல்லை, தன் பட்டியலிலேயே நிற்கிறவன்தான். ஒரே கட்சிக் கொடி கட்டிய இரண்டு அலுவலகங்கள் இரவில் ஒருவருடைய சுவரொட்டியை மற்றவர் கிழிக்கிற காட்சி நம் ஊர்களில் எல்லோரும் கண்டது. இவ்வளவு அழகாகக் கட்சிக்குள்ளேயே போர் மூட்டிவிடுகிற வேறொரு முறையை நான் கேள்விப்பட்டதில்லை.

*

2020 க்கு வருவோம். இந்தத் தடவை ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும் அகில இலங்கை மக்கள் காங்கிரஸும் மற்றவர்களும் புத்தளத்தில் ஒரே பட்டியலில், ஒரே தராசுச் சின்னத்தில் நின்றார்கள். தேசிய அளவில் கீரியும் பாம்புமாக இருக்கிறவர்கள். பெரிய கட்சிகளின் ஏணியாக இருந்தது போதும் என்று ஊரார் கொடுத்த நெருக்குதலும் அதற்குப் பின்னால் இருந்தது.

மீன் பங்குபோடுகிற சட்டம் இப்படி. முதலில் கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு ஒன்றைச் சும்மா தூக்கிக் கொடு. அதற்குப் பெயர் போனஸ் ஆசனம். மிச்சம் ஏழு. அடுத்து, செல்லுபடியான வாக்கில் நூற்றுக்கு ஐந்து எடுக்காத கட்சிகளை வெளியே தள்ளு. இது வெட்டுப்புள்ளி. புத்தளத்தில் செல்லுபடியான வாக்கு 3 இலட்சத்து 85 ஆயிரம் அளவில், ஆகவே வெட்டுப்புள்ளி 19,260 அளவில். தப்பியவை மூன்றே கட்சிகள். மூன்றின் வாக்கையும் கூட்டினால் 356,730. அதை ஏழால் வகுத்து, பின்னம் வந்தால் மேலே ஏற்றினால் 50,962. இதுதான் அன்றைக்கு ஓர் ஆசனத்தின் விலை.

பெரமுனவின் 220,566 இல் இந்த விலை நாலு முறை போகும், மிச்சம் 16,718. ஐக்கிய மக்கள் சக்தியின் 80,183 இல் ஒருமுறை, மிச்சம் 29,221. தராசின் 55,981 இல் ஒருமுறை, மிச்சம் 5,019. ஆறு ஆசனம் முடிந்தது. ஏழாவது, மிச்சம் கூட வைத்திருப்பவருக்கு, அதாவது ஐக்கிய மக்கள் சக்திக்கு. போனஸையும் சேர்த்தால் 5, 2, 1.

ஒற்றுமையாக நின்றபடியால் வென்றார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சரி, ஒற்றுமை உடைந்திருந்தால்? கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இரண்டு காங்கிரஸும் தனித்தனியாக நின்று அந்த 55,981 ஐச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று வைப்போம். ஆளுக்கு ஏறத்தாழ 27,990. இரண்டும் வெட்டுப்புள்ளியைத் தாண்டும், விலையும் மாறாது. ஒருவருக்கும் முழு ஆசனம் வராது. பெரமுனவுக்கு நாலு, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, மிச்சம் இரண்டு ஆசனம். மிச்ச வாக்குகளை வரிசைப்படுத்தினால் 29,221, பிறகு 27,990. பெரமுனவின் 16,718 அதற்குக் கீழே. ஆக, இரண்டாகப் பிரிந்திருந்தாலும் ஒரு முஸ்லிம் கட்சிக்கு அதே ஓர் ஆசனம் கிடைத்திருக்கும்! மேடைப் பேச்சுகள் எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், கணக்கு வேறு கதை சொல்கிறது.

மூன்றாகப் பிரிந்திருந்தால்? ஆளுக்கு 18,660. வெட்டுப்புள்ளியோ 19,260. அறுநூறு வாக்குக் குறைவில் மூன்றும் வாசலோடு வெளியே. அவர்களின் 55,981 வாக்கும் கணக்கில் இருந்தே அழிந்துபோகும். ஆசனத்தின் விலை 42,965 ஆக இறங்கும். அந்த விலையில் பெரமுனவுக்கு ஐந்து, போனஸோடு ஆறு. ஐக்கிய மக்கள் சக்திக்கு மிச்ச வாக்கோடு இரண்டு. முஸ்லிம் கட்சிகளுக்குப் பூச்சியம். இரண்டாகப் பிரிந்தால் ஒன்றும் கெடாது, மூன்றாகப் பிரிந்தால் எல்லாம் கெடும். ஒரு வாக்காளரும் மனம் மாறவில்லை, ஆனாலும் பெரமுனவுக்கு ஓர் ஆசனம் சும்மா கூடுகிறது.

இந்த ஐந்து சதவீத வெட்டுப்புள்ளிக்கு ஒரு பின்கதை உண்டு. 1978 இல் ஜே.ஆர். வைத்தது பன்னிரண்டரை சதவீதம். அதை ஐந்தாகக் குறைத்தது பதினைந்தாவது திருத்தம், 1988 டிசெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்கு ஓரிரு நாள் முன்னர். அந்தத் தேர்தலில் ஆதரவு கொடுப்பதற்கு முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் பிரேமதாசவிடம் கேட்டு வாங்கியது இதுதான் என்பது அரசியல் வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் செய்தி. அமைச்சுப் பதவி கேட்டிருக்கலாம், கேட்டது வெறும் ஐந்து சதவீதம். பழைய வெட்டுப்புள்ளி இருந்திருந்தால் புத்தளத்தில் 48,000 வாக்குக்கு மேல் வேண்டியிருந்திருக்கும். ஒன்றாக நின்ற தராசு அப்போதும் தப்பும், இரண்டாகப் பிரிந்தால் இரண்டும் போகும். நாட்டு அரசியலில் இவ்வளவு சின்ன எண்ணுக்கு இவ்வளவு பெரிய ஆயுள் இருந்ததாக எனக்கு வேறு உதாரணம் தெரியவில்லை.

*

அந்த 55,981 வாக்கு நூற்றுக்கு 14.53. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு கொஞ்சம் ஊர் சுற்றி வரலாம்.

2024 ஜூலையில் பிரித்தானியாவில் ரிஃபோர்ம் யூகே என்ற கட்சி எடுத்த வாக்கு நூற்றுக்கு 14.3. ஏறத்தாழ நம் தராசு எடுத்ததுதான். 650 ஆசனத்தில் அதற்குக் கிடைத்தது 5. எட்டில் ஒன்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே தேர்தலில் தொழிற்கட்சி நூற்றுக்கு 33.7 ஐ வைத்துக்கொண்டு 411 ஆசனம் எடுத்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. நூற்றுக்கு 44 எடுத்து 39 இல் 37 தொகுதியை அள்ளியது. தி.மு.க.வுக்கு நூற்றுக்கு 23 க்கு மேல் வாக்கு. தொகுதி? ஒன்றுகூட இல்லை. வாக்கு மாநிலம் முழுக்கப் பரவிக் கிடந்தது, எங்கேயும் முதலிடம் இல்லை.

இதற்கு எதிர்க்கரையில் நெதர்லாந்து. 150 ஆசனத்துக்கும் முழு நாடே ஒரே தொகுதி. நூற்றுக்கு 0.67, அதாவது ஒரு முழு ஆசனத்தின் விலை கையில் இருந்தால் போதும். ஆகவே அங்கே பாராளுமன்றத்தில் பத்துப் பதினைந்து கட்சிகள் உட்கார்ந்திருக்கும், அரசாங்கம் அமைக்க மாதக்கணக்கில் பேசுவார்கள். துருக்கி விகிதாசாரம் வைத்திருந்தும் வாசலை மிக உயரமாகக் கட்டியது. பத்து சதவீதம். 2002 இல் அந்த வாசலைத் தாண்டியது இரண்டே கட்சிகள். வாக்களித்தவர்களில் பாதிக்குக் கிட்டிய பேரின் வாக்கு வெளியே நின்றது. நூற்றுக்கு 34 எடுத்த கட்சி ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஆசனத்தோடு உள்ளே போனது. நம் புத்தளத்தில் மூன்றாகப் பிரிந்திருந்தால் என்று போட்டோமே, அந்தக் கணக்கின் பெரிய பதிப்பு.

பிரான்ஸ் அறிஞர் மோரிஸ் துவர்ஜே 1951 இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். ஒரு தொகுதிக்கு ஒரு வெற்றி என்றால் இரண்டு பெரிய கட்சிகளே நிலைக்கும், விகிதாசாரம் என்றால் பல கட்சிகள் முளைக்கும். விதி என்று சொன்னாலும் ஆயிரம் விதிவிலக்கு உண்டு, இந்தியாவே ஒன்று. ஆனாலும் இலங்கைக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. முஸ்லிம் காங்கிரஸ் 1981 இல் காத்தான்குடியில் தொடங்கியது, பழைய முறையில் அது எப்படி வளர்ந்திருக்கும் என்று சொல்வது கடினம். விகிதாசாரம் வந்து வெட்டுப்புள்ளியும் இறங்கிய பிறகு, 1989 இல் இருந்து அது பாராளுமன்றத்தில் பேரம் பேசும் கட்சியானது.

மிச்சம் கூட வைத்திருப்பவருக்கு எஞ்சின ஆசனம் என்கிற நம் முறையும் பழையதுதான். அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஹமில்டன் மாநிலங்களுக்கு ஆசனம் பிரிக்க இதையே முன்வைத்தார். 1792 இல் ஜோர்ஜ் வாஷிங்டன் அந்தச் சட்டமூலத்தைத் திருப்பி அனுப்பினார். ஓர் அமெரிக்க ஜனாதிபதி தடுப்பதிகாரத்தைப் பாவித்த முதல் சந்தர்ப்பமே அதுதான், பங்குபோடுகிற சண்டைக்காக! பின்னர் அந்த முறையை அவர்கள் எடுத்துக்கொண்டபோது 1880 இல் ஒரு வேடிக்கை வெளியே வந்தது. சபையில் மொத்தம் 299 ஆசனம் என்று போட்டால் அலபாமாவுக்கு 8 வருகிறது. ஓர் ஆசனத்தைக் கூட்டி 300 என்று போட்டால் அலபாமாவுக்கு 7! மொத்தப் பங்கு கூடினால் ஒருவருடைய பங்கு குறைகிறது. எங்கேயும் கணக்குப் பிழையில்லை, முறையின் சுபாவமே அப்படி.

*

தராசுக்கு அந்த ஆசனம் கிடைத்த பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லாவிட்டால் கணக்குப் பாதியில் நிற்கும். 2020 ஒக்டோபரில் இருபதாவது திருத்தம், ஜனாதிபதிக்கு அதிகாரம் கூட்டுகிற திருத்தம், வாக்கெடுப்புக்கு வந்தது. எதிரணியில் இருந்து எட்டுப் பேர் அரசாங்கத்தோடு சேர்ந்து கையுயர்த்தினார்கள், தராசில் வென்றவரும் அதில் ஒருவர். மூன்று தசாப்தம் காத்திருந்து கிடைத்த ஆசனம் இரண்டரை மாதத்தில் எந்தப் பக்கம் போகும் என்பதை எந்தத் தேர்தல் சூத்திரமும் சொல்லாது. பிரதிநிதி எண்ணிக்கை வேறு, பிரதிநிதித்துவம் வேறு என்று ஊரில் அப்போது கோபமாகப் பேசிக்கொண்டார்கள். கோபம் நியாயமானதுதான்.

இன்னொன்றும் இந்தக் கரையில் உண்டு, வேறெங்கும் அவ்வளவாகக் காணாதது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் வந்து தங்கியது புத்தளம், பாலாவி, தில்லையடி, ஆலங்குடா, கற்பிட்டி. முப்பது வருசம் புத்தளத்தில் வாழ்ந்து, பிள்ளைகளை இங்கே கட்டிக்கொடுத்து, வாக்கு மட்டும் மன்னாரில் வைத்திருந்தவர்கள் பலர். ஊர்ப் பதிவு போனால் காணி உரிமையும் போய்விடும் என்ற பயம் ஒரு காரணம். அந்த வாக்கு அளக்கப்படுவது மன்னார் அடங்கும் வன்னித் தேர்தல் மாவட்டத் தராசில். நாட்டின் 196 மாவட்ட ஆசனங்களில் 160 வாக்காளர் தொகையைப் பார்த்துப் பிரிப்பது, மிச்சம் 36 மாகாணத்துக்கு நாலு வீதம் கொடுப்பது. அதனால் ஆள் குறைந்த வடக்குக்கு ஆளுக்கு மிஞ்சின ஆசனம். வன்னிக்கு 6. பாலாவியில் உறங்கி எழுகிறவரின் வாக்குக்குப் புத்தளத்தில் இருப்பதைவிட வன்னியில் கனம் கூட. 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலன்று அப்படிப்பட்டவர்கள் பஸ்களில் மன்னாருக்குப் போகும்போது தந்திரிமலைப் பக்கத்தில் பஸ் தொடர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வாக்குப் போட விடிய முதல் மாவட்டம் தாண்டிப் போக வேண்டியவர்களைப் பற்றித் தேர்தல் முறை நூல்களில் அத்தியாயம் இருக்காது.

2024 நவம்பர் 14 தேர்தல் எல்லாவற்றையும் மறுபடி கலைத்துப் போட்டது. நாட்டில் 225 இல் 159 ஆசனம் தேசிய மக்கள் சக்திக்கு. விகிதாசார முறையில் எவராலும் மூன்றில் இரண்டு எடுக்க முடியாது என்று பாடப்புத்தகம் போலச் சொல்லிக்கொண்டிருந்தோம், அதுவும் போனது. புத்தளத்தில் 6 அவர்களுக்கு, 2 ஐக்கிய மக்கள் சக்திக்கு. அந்த ஆறு பேரில் முகம்மது பைசல் ஒருவர். இந்தத் தடவை ஒரு முஸ்லிம் உள்ளே போனது தனிப்பட்டியலில் இல்லை, தேசியக் கட்சிப் பட்டியலில், விருப்பு வாக்கு வரிசையில் ஏறி. ஏணி என்று நான் மேலே எழுதியதற்கு இது எதிர்ச்சாட்சி. வாக்காளர் மாறினால் அதே சூத்திரம் வேறு விடை தரும்.

இனி உடப்புக்கு வருவோம். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்குப் பெயர் போன அந்தக் கடற்கரைத் தமிழர்களையும், முந்தல், சிலாபம் பக்கத்துத் தமிழர்களையும் சேர்த்தால் மாவட்டத்தில் நூற்றுக்கு ஆறு அளவில் வருவார்கள். புத்தளத்தில் ஆறு சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உதட்டைப் பிதுக்கி விட்டுவிடுகிறோம். 2020 கணக்கிலேயே ஒரு தமிழ்ப் பட்டியலுக்கு 23,000 வாக்கு விழுந்ததாகப் போட்டுப் பாருங்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டும். அந்த 23,000 பெரமுனவில் இருந்து வந்திருந்தால் பெரமுனவின் மிச்சம் 44,000 க்கு மேல் போய்விடும். கடைசி இரண்டு ஆசனத்தையும் பெரமுனவும் ஐக்கிய மக்கள் சக்தியும் எடுத்துக்கொள்ளும், தமிழ்ப் பட்டியலுக்கு ஒன்றுமில்லை. அதே 23,000 ஐக்கிய மக்கள் சக்தியில் இருந்து வந்திருந்தால் அவர்களின் மிச்சம் ஆறாயிரத்துச் சொச்சமாக இறங்கும். பெரமுனவின் மிச்சம் 16,718. மேலே நிற்பது 23,000. எட்டாவது அறுக்குளா உடப்புக்கு.